சாரலில் காயாத பறவைகள்

ஜூலை 3, புதன்

கம்பெனி கொடுத்த டைரி. ஆறு மாதமாக டி.வி.க்குப் பின்னால் கிடந்தது. பதினெட்டு வருடம் ட்ரிப் ஷீட் எழுதிய கை இது. எத்தனை கிலோமீட்டர், எத்தனை லிட்டர், எங்கே பஞ்சர் என்று ஒன்றையும் விட்டதில்லை. இப்போது லைசென்ஸை ஆர்.டி.ஓ. ஆபீஸில் வாங்கி வைத்துக்கொண்டார்கள். கம்பெனியும் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டது. ஆனாலும் நாலு மணிக்கு முழிப்பு வந்துவிடுகிறது.

நடந்ததை ஒரு தடவை எழுதிவிடுகிறேன். ஜூன் 24, திங்கள், காலை 6.25. தென்காசியிலிருந்து அம்பாசமுத்திரத்துக்கு முதல் ட்ரிப். சாரல். பஸ்ஸில் ஐந்து பேர், எல்லாரும் தூக்கம். பொய்கைக்குப் பிரியும் விலக்கில் கிளை ரோட்டிலிருந்து ஸ்கூட்டி குறுக்கே வந்தது. பிரேக் அடித்தேன். ஓட்டி வந்த அம்மா ஆஸ்பத்திரி போகும் வழியில் இறந்துபோனார். கண்டக்டர் இசக்கிப்பாண்டி பின்னால் இருந்தான், பார்க்கவில்லை. ஸ்டேஷனிலும் இதைத்தான் சொன்னேன். அவ்வளவுதான்.

காலையில் ரேஷன் கடை. சர்க்கரை வரவில்லை.

ஜூலை 4, வியாழன்

குளியலறைக்குப் பின்னால் நாற்றம். எலி செத்துக் கிடக்கிறதோ என்று தேடினேன். நீல வாளி நிறைய ஊறிய பேப்பர். மகள் ஈஸ்வரி ஊறப்போட்டது. ஒன்பதாம் வகுப்பு. பள்ளிக்கூடத்தில் ஆகஸ்ட் பதினாலு கண்காட்சி. 'நம்ம ஊர்ப் பறவைகள்' என்று ஆறு பறவை, காகிதக் கூழில் செய்வதாகப் பெயர் கொடுத்திருந்தாள். இருபத்து மூன்றாம் தேதி ராத்திரி ஊறப்போட்டிருக்கிறாள். பதினோரு நாள்.

"இதைக் கொட்டிரவா?" என்று கேட்டேன்.

"கொட்டுங்க." தலையைத் தூக்கவில்லை.

"அப்ப கண்காட்சி?"

"நான் சேரல."

அவள் பையை எடுத்துக்கொண்டு போனபிறகு அவள் அம்மா கோமதி பீடி சுற்றிக்கொண்டே சொன்னாள். "பத்து நாளா அவ எதுலயும் சேரல. சோத்துலகூட."

கொட்டவில்லை. தண்ணீரை மட்டும் மாற்றினேன்.

ஜூலை 6, சனி

மிக்சியில் அரைக்கிறேன் என்றதும் கோமதி சண்டைக்கு வந்தாள். பழைய ஜாரைத் தருவதாகச் சமாதானம். ஒரு கை பேப்பர், ஒரு தம்ளர் தண்ணீர், அரை நிமிஷம். ஜாஸ்தி ஓடினால் மோட்டார் சூடாகிறது. பழைய வேட்டியில் கொட்டிப் பிழிந்தால் இட்லி மாவு மாதிரிக் கூழ் நிற்கிறது. வாளிப் பேப்பர் போதவில்லை. கட்டில் அடியில் இருந்த தினசரிகளையும் கிழித்துப் போட்டேன். ஜூன் 25 பேப்பரை முதலில் போட்டேன்.

செய்முறை ஈஸ்வரியின் நோட்டில் இருந்தது. பிழிந்த கூழ் இரண்டு கப், பெவிகால் அரை கப், மைதா நாலு ஸ்பூன், சாக்பீஸ் பொடி ஒரு கப். பெவிகால் வீட்டில் இல்லை. என்னைத்தான் வாங்கி வரச் சொல்லியிருந்தாள். கடைக்குக் கிளம்பும்போது இதைச் சொன்னேன்.

"உங்ககிட்ட எப்பச் சொன்னா?" என்றாள் கோமதி. "ஞாயித்துக்கிழமை நீங்க வரும்போது தூங்கிட்டாள்லா. காலைல நீங்க போகும்போதும் தூங்கிட்டுதானே இருந்தா."

"எப்பவோ சொன்னா."

பெவிகால் அரைக் கிலோ. கட்டுக்கம்பி ஒரு சுருள்.

ஜூலை 8, திங்கள்

முதல் பறவையாகக் கொண்டலாத்தி செய்தேன். கம்பியை வளைத்துக் கூடு, உள்ளே கசக்கிய பேப்பர், நூல் சுற்றி அதன் மேல் கூழ். மதியம் முழுக்க அதே வேலை. பெரிய ஸ்டியரிங் பிடித்த விரலுக்கு இந்தச் சின்ன அலகு பிடிபடவில்லை. கொண்டை வைத்தேன், சரிந்தது. பல்குச்சியை முட்டுக் கொடுத்தேன்.

கேஸ் சிலிண்டர் போட வந்தவர், "கோழி நல்லா இருக்கு அண்ணாச்சி" என்றார்.

ஜூலை 12, வெள்ளி

சாரல் விடவில்லை. வெயில் நாலு நாளாக எட்டிப் பார்க்கவில்லை. கொண்டலாத்தியின் வயிற்றில் பச்சைப் பூஞ்சை. அடுப்புக்குப் பக்கத்தில் வைத்த மீன்கொத்திக்குக் கழுத்தில் வெடிப்பு. கூழில் கொஞ்சம் மயில்துத்தம் கலந்தால் பூஞ்சை பிடிக்காது என்று பெயின்ட் கடைக்காரர் சொன்னார். வாங்கி வந்தேன். பிள்ளைகள் கை படாமல் வைக்க வேண்டுமாம். பரண் மேல் வைத்திருக்கிறேன்.

ஈஸ்வரி பறவைகளைப் பார்க்காமல் சுற்றிக்கொண்டு போகிறாள். அடுக்களைக்குப் போக அதுதான் வழி. அவள் கொல்லைப்புறமாகப் போய் வருகிறாள்.

ஜூலை 15, திங்கள்

மேனேஜர் அருணாசலம் வந்திருந்தார். "உங்க போன் ஏன் ஆஃப்லயே இருக்கு பரமசிவன்? நேர்ல வர வேண்டியதாப் போச்சு."

சார்ஜ் சரியில்லை என்றேன். போன் டிரங்குப் பெட்டியில் இருக்கிறது. அன்றிலிருந்தே அங்கேதான் இருக்கிறது.

"மாசக் கடைசில இன்ஸ்பெக்டர் திரும்பக் கூப்பிடுவாரு. முதல்ல சொன்னதையே சொல்லணும். ஸ்கூட்டி குறுக்க வந்துட்டு. அந்தப் பொம்பளைக்கு லைசென்ஸ் கிடையாது, ஓட்டப் படிச்சே ரெண்டு மாசந்தான். நமக்கு ஒண்ணும் ஆகாது. ஆறு மாசத்துல திரும்ப வண்டில ஏறிரலாம்."

சரி என்றேன். டீ குடித்தார். போகும்போது பறவைகளைப் பார்த்து, "பொழுது போகுது போல" என்றார்.

ஜூலை 16, செவ்வாய்

ஆந்தை. இதுவரை செய்ததில் இதுதான் உருப்படி. ஈரவிரலால் தடவித் தடவி முகத்தை வழவழப்பாக்கினேன். கண்ணுக்குப் புளியங்கொட்டை.

ஜூலை 19, வெள்ளி

மிச்சக் கூழில் ஒரு முகம் வந்தது. தண்ணீரில் போட்டுக் கரைத்துவிட்டேன்.

ஜூலை 21, ஞாயிறு

பதினோரு மணி இருக்கும். கேட்டில் ஒருவர். நாற்பது வயது, கைலி, சிமெண்ட் படிந்த நகம். தாடி. நான் யாரென்று கேட்பதற்குள் அவரே சொன்னார்.

"பொய்கையிலேர்ந்து வாரேன் அண்ணாச்சி. திருமலைக்குமார். கொத்தனார். அந்த ஸ்கூட்டி... அவ வீட்டுக்காரன்."

எழுந்து நின்றேன். கை முழுக்கக் கூழ். சண்டைக்கு வந்திருக்கிறார் என்றுதான் நினைத்தேன். அவர் வாசற்படியில் உட்கார்ந்துகொண்டார். கோமதி தண்ணீர் கொடுத்தாள், வாங்கிக் குடித்தார்.

"ஒண்ணு மட்டும் கேக்கணும். நீங்கதான் கடைசியாப் பாத்தது. அவ நின்னாளா?"

எனக்குப் புரியவில்லை என்பதுபோல நின்றேன்.

"நான்தான் வண்டி சொல்லிக் குடுத்தேன். காலைல பள்ளிக்கூடத்துல சமையலுக்குப் போகணும், அஞ்சரைக்கே எந்திச்சு நடந்து போவா. அதான் வண்டி வாங்கினோம். விலக்குல வந்ததும் நிறுத்து, காலை ஊனு, ரெண்டு பக்கமும் பாரு, அப்புறம் ஏறுன்னு நூறு மட்டம் சொல்லிருக்கேன். பேப்பர்ல குறுக்க வந்தாள்னு போட்டிருக்கான். எங்க அத்தை, தெருக்காரங்க எல்லாரும் சொல்லுதாங்க, ஓட்டத் தெரியாதவ கைல குடுத்து நீதான்டே கொன்னுட்டேன்னு. அவ நிக்காம ஏறிட்டாளா அண்ணாச்சி? எனக்கு அது மட்டும் தெரிஞ்சாப் போதும்."

கோமதி என்னைப் பார்த்தாள். உள்ளே ஈஸ்வரியின் அறைக் கதவு பாதி திறந்திருந்தது.

"குறுக்க வந்துட்டாங்க" என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். மூன்று நாலு தடவை ஆட்டினார். "அப்ப நான் சொல்லிக் குடுத்தது சரியில்ல" என்றார்.

எழுந்தவர் பலகையில் இருந்த மீன்கொத்தியைப் பார்த்துக் குனிந்தார். கழுத்து வெடிப்பில் கட்டைவிரலை வைத்துப் பார்த்தார். "வேகமாக் காய வைக்கீங்க. சிமெண்டும் இப்படித்தான். தீ பக்கத்துல வைக்காதீங்க. ஈரத்துணி போத்தி நெழல்ல வைங்க. மெல்லக் காஞ்சா வெடிக்காது."

போய்விட்டார். மதியம் யாரும் சாப்பிடவில்லை. குழம்பைக் கோமதி சுண்ட வைத்தாள்.

ஜூலை 23, செவ்வாய்

ஈரத்துணி போர்த்திக் கட்டிலுக்கு அடியில் வைத்தேன். வெடிக்கவில்லை.

ஜூலை 24, புதன்

ஒரு மாதம்.

ஜூலை 26, வெள்ளி

மயிலுக்கு வால் நிற்கவில்லை. கம்பி கனம் குறைவு. தேய்க்க உப்புத்தாள் இரண்டு ஷீட் வாங்கினேன். ஸ்டேஷனிலிருந்து ஏட்டு வந்து, புதன்கிழமை பத்து மணிக்கு இன்ஸ்பெக்டரைப் பார்க்கச் சொல்லிவிட்டுப் போனார்.

ஜூலை 28, ஞாயிறு

இதை விடாமல் எழுத வேண்டும்.

கோமதி பீடிக்கடைக்குப் போயிருந்தாள். நான் முற்றத்தில் கூழ் பிழிந்துகொண்டிருந்தேன். வேட்டியின் மறுமுனையை யாரோ பிடித்தார்கள். ஈஸ்வரி. இரண்டு பேருமாக எதிர்ப்பக்கம் முறுக்கினோம். தண்ணீர் கொட்டியது. நன்றாகப் பிழிந்தபிறகும் அவள் முறுக்குவதை நிறுத்தவில்லை.

"போதும்மா. கை வலிக்கும்."

"அப்பா, நான் ஆறு இருபத்தஞ்சுக்குப் போன் பண்ணினேன்."

நான் முறுக்குவதை நிறுத்தினேன்.

"அம்மா போன்ல இருக்கு. இருபத்தொம்பது செகண்டு. பெவிகால் வாங்கிட்டு வாங்கன்னு சொல்ல. நீங்க 'சொல்லும்மா'ன்னீங்க. நான் சொல்லிட்டு இருக்கும்போதே சத்தம் கேட்டுச்சு. அப்புறம் நீங்க 'ஐயோ'ன்னீங்க. நான் கட் பண்ணல. லைன் கட்டானபிறகும் ரொம்ப நேரம் காதுலயே வச்சிருந்தேன்."

அவள் இதை முப்பத்து நாலு நாளாக வைத்திருந்திருக்கிறாள். நான் என் போனிலிருந்து அந்த அழைப்பை அன்றைக்கே ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்து அழித்தேன். அவளுக்குத் தெரியக் கூடாது என்று அழித்ததாகத்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். தெரியாதது அவளுக்கு இல்லை, போலீசுக்குத்தான்.

"நான் போன் பண்ணாம இருந்திருந்தா அந்த அம்மா இருந்திருப்பாங்கள்லா."

வேட்டியைக் கீழே வைத்தேன். அவள் கையைப் பிடித்தேன். இரண்டு பேர் கையிலும் கூழ், வழுக்கியது.

"ஈஸ்வரி, இங்க பாரு. பிள்ளைங்க அப்பாவுக்குப் போன் பண்ணத்தான் செய்யும். கூப்பிட்டது நீ. எடுத்தது நான். ஓட்டிக்கிட்டு இருக்கும்போது எடுக்கக் கூடாதுன்னு எனக்குத் தெரியும், உனக்கு எப்படித் தெரியும், நான் எங்க இருக்கேன்னு? பதினெட்டு வருசமா நான் எடுத்துக்கிட்டுத்தான் இருந்தேன். அன்னைக்கு மட்டும் இல்ல."

"அப்ப ஏன் குறுக்க வந்தாங்கன்னு சொன்னீங்க?"

"உன்னய யாரும் ஒண்ணும் சொல்லிரக் கூடாதுன்னு."

"அதுக்கு எல்லாரும் அந்த மாமாவக் குத்தம் சொல்லும்படி பண்ணிட்டீங்களே."

அதன்பிறகுதான் அழுதாள். நானும்தான். கூழ் முற்றத்தில் கிடந்தது, காக்கை வந்து கொத்திப் பார்த்துவிட்டுப் போனது.

அவள் கேட்டாள். "அவங்க நின்னாங்களா அப்பா?"

சொன்னேன். இதை இதுவரை யாரிடமும் சொல்லவில்லை, இந்த டைரியிலும் எழுதவில்லை. இருநூறடிக்கு முன்னாலேயே அவரைப் பார்த்தேன். ரோட்டுக்கு இடது பக்கம், தார் முடிந்து மண் தொடங்கும் இடத்தில், வலது காலை ஊன்றி நின்றுகொண்டிருந்தார். மழைக்குத் தலையில் பிளாஸ்டிக் கவர் கட்டியிருந்தார். பஸ் போகட்டும் என்று காத்திருந்தார். போன் அடித்தது, குனிந்து எடுத்துக் காதில் வைத்தேன். நிமிர்ந்தபோது முன்சக்கரம் மண்ணில் இருந்தது.

ஜூலை 29, திங்கள்

கோமதியிடம் சொன்னேன். பீடி இலையை வெட்டிக்கொண்டே கேட்டாள். வெட்டுவதை நிறுத்தவில்லை.

"ஜெயிலா?"

"இருக்கலாம்."

"வேலை?"

"இனிமே கிடையாது."

கத்தரியைக் கீழே வைத்துவிட்டு, "அந்தப் போன் நம்பர் என்னோடது. அவ எங்கிட்டக் கேட்டுத்தான் எடுத்தா, யாருக்குன்னு நான் கேக்கல. அதையும் சொல்லுங்க" என்றாள். இலைக்கட்டை ஒதுக்கி வைத்துவிட்டு ஈஸ்வரிக்குத் தலை பின்னப் போனாள்.

ஜூலை 31, புதன்

இன்ஸ்பெக்டரிடம் சொன்னேன். அவர் முதலில் எழுதாமல் என்னைப் பார்த்தார்.

"வக்கீலக் கேட்டுட்டுத்தான் பேசுதீரா?"

"இல்ல சார்."

"மூணு பக்கம் ரெடியா இருக்கு. சாட்சி கிடையாது. நீர் வாயை மூடிக்கிட்டு இருந்தாலே போதும்."

"அவங்க நின்னுக்கிட்டு இருந்தாங்க சார்."

போனை வாங்கி வைத்துக்கொண்டார். மூன்று பக்கத்தையும் ஓரமாகத் தள்ளிவிட்டு புதுத்தாள் எடுத்தார். வெளியே வரும்போது ஒரு மணி. சாயங்காலம் மேனேஜர் கோமதியின் போனில் கூப்பிட்டார். இனிமேல் கம்பெனிக்கும் எனக்கும் சம்பந்தம் இல்லை என்றார். வேறு சிலவும் சொன்னார். எழுத வேண்டாம்.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

பொய்கைக்குப் போனேன். கோமதி கூட வருகிறேன் என்றாள், வேண்டாம் என்றேன். சைக்கிளில் போனேன். விலக்கில் இறங்கித் தள்ளிக்கொண்டு நடந்தேன்.

திருமலைக்குமார் வீட்டில் பூச்சு வேலை பாதியில் நின்றிருக்கிறது. அவர் வெளியே கட்டிலில் இருந்தார். நின்றபடியே சொன்னேன். அன்றைக்கு உங்களிடம் சொன்னது பொய். அந்த அம்மா நின்றார். காலை ஊன்றி நின்றார். நான் போன் பேசினேன். வண்டி ரோட்டை விட்டு இறங்கிவிட்டது. ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்துவிட்டேன்.

அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருக்கலாம்.

அவர் உள்ளே திரும்பிக் கூப்பிட்டார். "அத்தே, இங்க வாங்க." ஒரு வயதான அம்மா வந்தார். "இன்னொருக்க சொல்லுங்க" என்றார் என்னிடம். சொன்னேன். அந்த அம்மா தலையில் அடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார்.

எதிர்வீட்டுக்காரரைக் கூப்பிட்டார். "எண்ணே, நீங்களுந்தானே சொன்னீங்க. கேளுங்க." சொன்னேன். மளிகைக்கடைக்காரர் வந்தார். பள்ளிக்கூடத்தில் கூடச் சமைக்கும் பெண் ஈரக்கையோடு ஓடி வந்தாள். ஒவ்வொருவருக்கும் முதலிலிருந்து சொல்ல வைத்தார். எந்தப் பக்கம் நின்றார், எந்தக் கால், பஸ்ஸைப் பார்த்தாரா. ஒரு பையன் என் சட்டையைப் பிடித்தான். திருமலைக்குமார், "விடுலே, அவரு சொல்லட்டும்" என்று கையை எடுத்துவிட்டார். ஏழு பேரிடம் சொன்னேன். 

எல்லோரும் கேட்டு முடித்ததும் அவர் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. நான் நின்றுகொண்டிருந்தேன். ரொம்ப நேரத்துக்குப் பிறகு துண்டை எடுத்தார்.

"கோர்ட்லயும் சொல்லுவீங்களா?"

"சொல்லுவேன்."

"இவ்வளவு நேரமா 'அவங்க', 'அந்த அம்மா'ன்னே சொல்லுதீங்க. அவளுக்குப் பேர் இருக்கு. அங்க பேரச் சொல்லிச் சொல்லுங்க."

மன்னிப்பு நான் கேட்கவில்லை. கேட்டால் அவர் ஏதாவது பதில் சொல்ல வேண்டியிருக்கும். "இனிமே இங்கன வராதீங்க" என்றார். சரி என்றேன்.

ஆகஸ்ட் 14, புதன்

கண்காட்சி. பத்து நாளில் ஈஸ்வரியும் நானும் மயிலை முடித்தோம். வாலுக்கு அவள் கம்பியை இரட்டையாக முறுக்கினாள், நின்றுவிட்டது. வர்ணம் முழுக்க அவள். கொண்டலாத்தி இப்போதும் கோழிதான், ஆனால் நல்ல நிறம். ஆட்டோவில் மடியில் வைத்துக் கொண்டு போனாள். வேகத்தடையில் செம்போத்தின் அலகு உடைந்தது.

பரிசு இல்லை. சோலார் பம்பு செய்த பிள்ளைக்குக் கொடுத்தார்களாம். ராத்திரி இரண்டு தோசை கூடுதலாகக் கேட்டாள்.

நவம்பர் 18, திங்கள்

தீர்ப்பு, ஒரு வருடம் ஜெயில். அப்பீலுக்கு ஒரு மாதம் இருக்கிறது. வக்கீல் போடலாம் என்கிறார். வேண்டாம் என்றேன். கோமதி சரி என்றாள். ஈஸ்வரி பரீட்சை முடியும்வரை வெளியே இருக்க முடிந்தால் நல்லது, அதை மட்டும் கேட்டிருக்கிறேன்.

கோர்ட்டில் அதிக நேரம் ஆகவில்லை. திருமலைக்குமார் கடைசி பெஞ்சில் அத்தையோடு இருந்தார். குற்றத்தை ஒப்புக்கொள்கிறீர்களா என்றார் நீதிபதி. ஒப்புக்கொள்கிறேன் என்றேன். ஏதாவது சொல்ல வேண்டுமா என்றார். ஆமாம் என்றேன்.

"முப்பிடாதி. திருமலைக்குமார் மனைவி. வயசு முப்பத்தாறு. பொய்கைப் பள்ளிக்கூடத்துல பிள்ளைங்களுக்குக் காலைச் சாப்பாடு செய்யுதவங்க. முப்பிடாதி ரோட்டுக்கு இடது பக்கம், மண்ணுல, காலை ஊனி நின்னுக்கிட்டு இருந்தாங்க. முப்பிடாதி மேல ஒரு தப்பும் இல்ல."

டைப் அடிக்கிற அம்மா நிமிர்ந்து, "கொஞ்சம் மெதுவாச் சொல்லுங்க" என்றார்.

மெதுவாகச் சொன்னேன்.